பிள்ளை மாற்றிய மத்தியானம்

கரங்கான் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை அழித்துக் கித்தா என்கிற ரப்பர் மரம் நட்ட அந்தத் தோட்டத்தில் செல்லாயியைத் தெரியாதவர் கிடையாது. துரையின் பெயரைக் கடித்துத் துப்புகிறவர்கள்கூட அவள் பெயரை மரியாதையாகச் சொல்வார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்ததும் பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் அவளிடம் விட்டுவிட்டு, மரம் சீவ ஓடுவார்கள். கித்தாப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பும்வரை அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் அவள்தான், தகப்பனும் அவள்தான், வம்பு செய்தால் போலீசும் அவள்தான்.

அந்தக் கொட்டகையைத் துரை மனமிரங்கிக் கட்டிக் கொடுத்தார் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லிக்கொண்டு திரிவார். சுத்தப் பொய். அது செல்லாயி கட்டவைத்த கொட்டகை. கப்பலேறி வந்த மறு வருஷமே புருஷனைக் காட்டுக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். மிஞ்சிய பெண்குழந்தையை மர நிரைக்கு நடுவே ஒரு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தாள். மழையிலும் கொசுவிலும் கிடந்து அதுவும் போய்ச் சேர்ந்தது. செல்லாயி ஊரைக் கூட்டி அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் படியில் கிடத்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைங்களுக்கு ஒரு கூரை போட்டுத் தர்றேன்னு தொரை வாயால சொல்லட்டும். அப்புறம் பொதைக்கிறேன்."

துரை சொன்ன பிறகுதான் எழுந்தாள். அப்படி எழும்பிய கூரை அது. இதன் கீழே விட்ட பிள்ளையை விட்டபடியே தாயின் கையில் திருப்பிக் கொடுப்பேன் என்று அன்றைக்கே ஒரு சத்தியம் செய்துகொண்டாள். ஒரு நாளும் அது தவறியதில்லை. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். தெரியட்டுமே, சம்பாதித்த பெருமைதானே!

கொட்டகையில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. மரம் சீவி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையும்வரை கிடைக்கிற இடைவெளியில் தாய்மார் ஓடி வருவார்கள். முதலில் வருகிறவள் எந்தப் பிள்ளை அதிகமாக அழுகிறதோ அதற்குப் பால் கொடுக்க வேண்டும். அது யார் பிள்ளை என்று கேட்கக் கூடாது. செல்லாயியின் தம்பி மனைவி மருதம்மாள் காய்ச்சலில் கிடந்து பால் வற்றிப்போனபோது, அவள் மகனைக் காப்பாற்றியது கீழ் லயத்து இராசாத்தியின் பால்தான். இராசாத்தி தன் மகளை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு கொடுத்தாள்.

கீழ் லயம் என்றேன். லயம் என்றால் கூலிகளின் வரிசை வீடுகள். தோட்டத்தின் நடுவே ஒரு சிற்றாறு ஓடியது. இந்தக் கரையில் ஆபீஸ், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மேல் லயம். அந்தக் கரையில் கீழ் லயமும் நல்ல தண்ணீர்க் கிணறும். மேல் லயத்தார் சேலத்துப் பக்கமிருந்து பரஞ்சோதி கங்காணி அழைத்து வந்தவர்கள். கீழ் லயத்தார் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து முருகையா கங்காணி அழைத்து வந்தவர்கள். இரண்டு லயத்துக்கும் நடுவே ஒரு பலகைப் பாலம். கோயில் ஒன்று, சுடுகாடு ஒன்று, கள்ளுக்கடை ஒன்று. எல்லையும் ராஜாவும் இருக்கிற இடத்துக்கு நாடு என்றுதானே பெயர்? அந்தக் கணக்கில் அதுவும் ஒரு நாடுதான். ரத்த சம்பந்தம் இல்லாதவர்களெல்லாம் கப்பலிலேயே முறை வைத்துக்கொண்டு, மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு வாழ்ந்த நாடு.

அந்த நாடு எப்படி இரண்டானது என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. கிழட்டுப் பெரிய கங்காணி செத்துப்போனார். எந்த லயம் அதிகப் பால் கொண்டுவருகிறதோ அந்த லயத்துக் கங்காணிதான் இனிப் பெரிய கங்காணி என்று துரை சொல்லிவிட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். கீழ் லயத்தார் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று மேல் லயத்தில் பேச்சு வந்தது. மறுநாள் கீழ் லயத்து நிரையில் மங்குகள் உடைந்து கிடந்தன. அதற்கு மறுநாள் மேல் லயத்து மரங்களில் பட்டையை யாரோ கொத்தி வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்தப் பக்கத்தான் என்றால் போதுமானதாக இருந்தது.

பிறகு முறை சொல்லிக் கூப்பிடுவது நின்றது. நேற்றுவரை 'மாமா' என்றவன் 'கீழ் லயத்தான்' என்றான். மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலம் தாண்டிக் கீழ் லயத்து வாசல்களுக்கும் போவது வழக்கம். அந்த வருஷம் பரஞ்சோதி கங்காணி அதைப் பாலத்தோடு திருப்பிவிட்டார். ஆத்தாளுக்கே எல்லை போட்ட ஆள்! அந்தக் கோபத்தில் முருகையா கங்காணி கிணற்றடியில் ஆள் நிறுத்தினார். மேல் லயத்துப் பெண்கள் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். பதிலுக்கு மேல் லயத்தார் பாலத்துப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கீழ் லயத்துப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தூரத்துச் சடக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். ஒவ்வொன்றும் சின்னக் காரியம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைக் கேட்டால் நமக்குக்கூடச் சரி என்றுதான் தோன்றும். அதுதான் ஆபத்து.

செல்லாயியைத் தைத்தது இது எதுவுமில்லை. ஒரு நாள் இராசாத்தியின் மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். முதலில் வந்தவள் மருதம்மாள். குழந்தையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தன் மகனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"ஏய், அழுவுது பாரு."

"அவுங்காத்தா வந்து குடுக்கட்டும் அண்ணி."

"உன் மவனுக்கு அவ குடுத்தாளே, அதை மறந்துட்டியா?"

மருதம்மாள் தன் மகனுக்கே மாராப்பை விலக்கினாள். ஆனால் கண் கலங்கியது. கலங்கியும் கொடுக்கவில்லை. மறுநாள் கொட்டகைக்கு நடுவே யாரோ ஒரு சாக்குத் திரையைக் கட்டி, மேல் லயத்துத் தூளிகளை ஒரு பக்கமும் கீழ் லயத்துத் தூளிகளை மறு பக்கமுமாக மாற்றியிருந்தார்கள். தன் கொட்டகையில் தன்னைக் கேட்காமல் ஒரு முடிச்சு விழுந்ததை அன்றுதான் செல்லாயி முதன்முதலாகப் பார்த்தாள். அவமானத்தில் அவள் காது சுட்டது.

அன்று மத்தியானம் முகம்மது கவுஸ் வந்தார். கரங்கானில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மாட்டுவண்டியில் சரக்கு கொண்டுவரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் ரொட்டி தராமல் போகமாட்டார். அன்று பொட்டலத்தைக் கொடுத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன அண்ணே, மூஞ்சி சரியில்ல?"

"கடையில பாராங் கத்தி ஒண்ணுகூட பாக்கியில்ல தங்கச்சி. மண்ணெண்ணெயும் தீந்துபோச்சு. மேல் லயத்தானும் வாங்குறான், கீழ் லயத்தானும் வாங்குறான். ஒருத்தன் உள்ள இருந்தா இன்னொருத்தன் வாசல்லயே நிக்கிறான்."

"எல்லாத்தையும் வித்துப்புட்டு எங்கிட்ட வந்து சொல்றீங்களாக்கும்?"

"களை வெட்டன்னு கேட்டா எப்படிலா இல்லன்னு சொல்றது?" என்றார் கவுஸ். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாக்குத் திரையைப் பார்த்தார். "முன்ன எல்லாப் புள்ளையும் ஒண்ணாக் கெடக்குமே? எங்க மார்க்கத்துல ஒரு தாய்கிட்டப் பால் குடிச்ச புள்ளைங்க கூடப்பொறந்ததுக்குச் சமம். ஒண்ணுக்கொண்ணு கல்யாணம்கூடக் கட்டக் கூடாது."

"அப்படிப் பார்த்தா இந்தத் தோட்டத்துல பாதிப் புள்ளைங்க உடன்பொறப்பு."

"ஆமா. அப்பன்மாருக்குத்தான் அது தெரியல."

அந்த வாரம் துரை பினாங்குக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் கள்ளுக்கடைப் பாதையில் கைகலப்பு. செல்லாயியின் தம்பி சுப்பிரமணியத்தின் வலக்கை முறிந்தது. முறித்தவன் இராசாத்தியின் புருஷன் அய்யாக்கண்ணு. ஒரு வருஷத்துக்கு முன் இந்த இரண்டு பேரும் ஒரே கலயத்தில் கள் குடித்தவர்கள்.

சாயங்காலம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு சுப்பிரமணியம் அக்காளின் வாசலுக்கு வந்தான். அவன் மேல் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் நம்ம லயத்துப் புள்ளைங்களை வெள்ளனவே வூட்டுக்கு அனுப்பிடு."

"ஏன்?"

"கேக்காத."

"எனக்கென்ன மூக்கு இல்லையாடா? யாரு வூட்டைக் கொளுத்தப் போறீங்க?"

"எல்லாம் அத்தாப்பு ஓலைக் கூரைதானே. ஒண்ணுல வச்சா லயம் பூராவும் எரியும். மொதல்ல அய்யாக்கண்ணு வூடு."

"அந்த வூட்டுல உன் மவனுக்குப் பால் குடுத்தவ இருக்கா."

"அவளை வெளிய ஓடச் சொல்லு" என்றான் சுப்பிரமணியம். அவன் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் போய்விட்டான். தூக்கி வளர்த்த தம்பி. கப்பலில் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து இவள் மடியிலேயே கிடந்து வந்தவன். இவன் கையாலா நெருப்பு வைக்கப் போகிறான்! செல்லாயி அப்போதே எழுந்தாள்.

பரஞ்சோதி கங்காணியிடம் போய்ச் சொன்னாள். "பொம்பளை பொம்பளை வேலையைப் பாரு" என்றார் அவர். கிராணி கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, காய்ச்சல் என்று உள்ளிருந்தே சொன்னார். தூரத்துக் கூலிம் டவுனிலிருந்து போலீஸ் வருவதற்குள் சாம்பல்தான் மிஞ்சும்.

விடியலில் இராசாத்தி மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, செல்லாயியின் காதோடு சொன்னாள். "அக்கா, இன்னைக்கு மத்தியானம் நீ லயத்துப் பக்கம் போவாத. எங்கயாவது போயி இரு. எதுக்குன்னு கேக்காத."

ஆக, இரண்டு பக்கமும் ஒரே மத்தியானத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன. அதிலாவது ஒற்றுமை இருந்ததே!

செல்லாயி காலை முழுவதும் கையை ஓயவிடவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள், தூளிகளை ஆட்டினாள். கூடமாட வேலை செய்யும் பாப்பம்மா, "என்னக்கா, பேய் அடிச்ச மாதிரி இருக்க?" என்று கேட்டாள். தாய்மார் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடு என்று மட்டும் செல்லாயி சொன்னாள். வெயில் உச்சிக்கு ஏறியபோது எழுந்து போய், நடுவிலிருந்த சாக்குத் திரையை ஒரே இழுப்பில் கிழித்துப் போட்டாள்.

தாய்மார் அன்று ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மேல் லயத்தார் ஒரு பக்கம் நின்றார்கள், கீழ் லயத்தார் ஒரு பக்கம் நின்றார்கள். எல்லோரும் உள்ளே வந்ததும் பாப்பம்மா கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு உங்க புள்ளைய உங்க கையில குடுக்க மாட்டேன்" என்றாள் செல்லாயி.

அந்தச் சொல்லோடு அவள் தூளிகளை மறித்து நின்றாள். தன் பிள்ளையின் பேரில் செய்த சத்தியத்தை அல்லவா தானே முறிக்கிறாள்?

"கதவைத் தொற! இவ மேல் லயத்துக்காரிதானே, சூது பண்றா!" என்று கீழ் லயத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஆமாடி, மேல் லயம்தான். எம்மவளை இந்த மண்ணுலதான் பொதைச்சேன். மேல் மண்ணு கீழ் மண்ணுன்னு பார்த்தா பொதைச்சேன்?" செல்லாயியின் குரல் கூரையில் முட்டியது. "உங்க ஆம்பளைங்க இன்னும் கொஞ்ச நேரத்துல என்ன செய்யப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இவ்ளோ வெரசா ஓடி வந்திருக்கீங்க. அந்த லயம் எரிஞ்சா எரியட்டும், எம்புள்ள எங்கையில இருந்தாப் போதும்னு வந்திருக்கீங்க. இல்லன்னு சொல்லு, கதவைத் தொறக்கிறேன்."

ஒருத்தியும் இல்லை என்று சொல்லவில்லை.

"மேல் லயத்தா கீழ் லயத்துப் புள்ளையத் தூக்கிட்டுப் போ. கீழ் லயத்தா மேல் லயத்துப் புள்ளையத் தூக்கிட்டுப் போ. உங்கூட்டுல படுக்க வையி. அப்புறம் யாரு எங்க நெருப்பு வைக்கிறான்னு பார்க்கலாம்."

தூளியில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. இராசாத்தியின் மகள். மருதம்மாள் தான் நின்ற இடத்திலிருந்து மெல்ல நடந்து வந்தாள். குழந்தையைத் தூக்கினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள்.

"அன்னைக்குக் குடுக்காம விட்டேன் இராசாத்தி" என்றாள். மேலே பேச முடியாமல் அழுதாள். இராசாத்தியும் அழுதுகொண்டே மருதம்மாளின் மகனை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு தூளிகளை நோக்கி வந்தார்கள். நானும் எத்தனையோ வீரக் கதை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் தங்கள் உயிரை இன்னொருத்தியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, அவள் உயிரைத் தங்கள் இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவைத் தாண்டினார்களே, அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை.

கீழ் லயத்துப் பெண்கள் சடக்கைச் சுற்றி வீடு சேரும்வரை பொறுத்திருந்து, செல்லாயி ஆற்றங்கரைக்குப் போனாள். பலகை பிடுங்கிய பாலத்தில் இரண்டு வெறும் உத்தரங்கள் மட்டும் கிடந்தன. இந்தக் கரையில் மேல் லயத்து ஆண்கள் பாராங்கும் பந்தமுமாக நின்றார்கள். அந்தக் கரையில் அவர்களும் அப்படியே. சுப்பிரமணியம் இடக்கையில் பந்தம் பிடித்திருந்தான். செல்லாயி உத்தரத்தின்மேல் ஏறி நின்றாள்.

"எறங்கு அக்கா."

"நீ போயி கொளுத்துடா. வழி விடறேன். அய்யாக்கண்ணு வூடுதானே மொதல்ல? அங்க பாயில உன் மவன் தூங்குறான். பார்த்து வையி."

சுப்பிரமணியத்துக்குப் புரியவில்லை. அதற்குள் மருதம்மாள் லயத்திலிருந்து வந்துவிட்டாள். அவள் மார்பில் வேறொரு குழந்தை இருந்தது.

"இது யாரு புள்ள? நம்ம பையன் எங்க?"

"இது அய்யாக்கண்ணு மவ. நம்ம பையன் அவுங்க வூட்டுல இருக்கான். அண்ணி சொல்றது நெசம்" என்றாள் மருதம்மாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நான்தான் குடுத்தனுப்பினேன்."

அதே கூச்சல் அக்கரையிலும் எழுந்தது. ஆண்கள் வீட்டுக்கு ஓடினார்கள், திரும்பி ஓடி வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரஞ்சோதி கங்காணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பொட்டச்சிங்க பேச்சைக் கேட்டு நிக்கிறீங்களே! கொளுத்துங்கடா!"

"ஒங்க பேரனும் அங்கதான் இருக்கான் கங்காணி" என்றாள் செல்லாயி. "ஒங்க மருமவ அவ கையாலதான் தூக்கிக் குடுத்தா. மொதப் பந்தத்தை நீங்களே எறியுங்க."

அதன் பிறகு பரஞ்சோதி அன்று வாயைத் திறக்கவே இல்லை. சுப்பிரமணியம் பந்தத்தை ஆற்றில் போட்டான். மற்றப் பந்தங்களும் ஒவ்வொன்றாக அவிந்தன.

"புள்ளைய எப்படிக் கொண்டாறது?" என்று அக்கரையிலிருந்து யாரோ கேட்டார்கள். குரலில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது.

"பாலத்தைப் போட்டு நடந்து வந்து வாங்கிட்டுப் போங்க" என்றாள் செல்லாயி. "கையில பாராங் வச்சிருக்கிறவன் புள்ளைய எப்படித் தூக்குவான்? அதைப் போட்டுட்டு வாங்க."

பிடுங்கிய பலகைகளைப் பரஞ்சோதி கங்காணி வீட்டு மாட்டுக் கொட்டிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்தார் அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமிருந்தும் அடித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது இவனிடம் ஆணி இல்லை, அவனிடம் சுத்தியல் இல்லை. கேட்காமலே கைமாறியது.

முதலில் நடந்தவன் சுப்பிரமணியம். நடுப் பாலத்துக்கு அவன் மகனை அய்யாக்கண்ணு தூக்கிக்கொண்டு வந்தான். சுப்பிரமணியம் இடக்கையை நீட்டினான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான், பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது. ஒற்றைக் கையால் வாங்க முடியவில்லை. அய்யாக்கண்ணு அந்த மூங்கில் பத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒத்தக் கையால எப்படித் தூக்குவ?" என்றான் கடைசியில். "நகரு. நான் கொண்டாறேன்."

சுப்பிரமணியம் ஓரமாக ஒதுங்கினான். காலையில் எவன் தலையை எடுப்போம் என்று மேல் லயத்தார் சபதம் போட்டார்களோ, அவன் வெறுங்கையோடு, அவர்கள் லயத்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து வந்தான். ஒரு பாராங்கும் உயரவில்லை. வழி விட்டார்கள். அய்யாக்கண்ணு, சுப்பிரமணியத்தின் மகனைச் செல்லாயி கையில் கொடுத்துவிட்டுத் தன் மகளுக்காக மருதம்மாளிடம் கையை நீட்டினான்.

"பால் குடிக்குது அண்ணே. கொஞ்சம் பொறுங்க" என்றாள் மருதம்மாள்.

அய்யாக்கண்ணுவுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. சுற்றிலும் மேல் லயத்தார். சுப்பிரமணியம் கீழே கிடந்த பாராங்கைக் காலால் தள்ளிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். அய்யாக்கண்ணு போய் அங்கே உட்கார்ந்தான்.

பினாங்கிலிருந்து திரும்பிய துரை, இந்த இரண்டு கங்காணிகளும் வேண்டாமென்று வேறு தோட்டத்திலிருந்து ஒருவனைப் பெரிய கங்காணியாகக் கொண்டுவந்தார். இதற்கா இத்தனை பாராங், இத்தனை மண்ணெண்ணெய்! சுப்பிரமணியம் அக்காளோடு ஒரு மாதம் பேசவில்லை. அவமானம் ஆற நாள் பிடிக்கும்தானே. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று ஆற்றங்கரையில் செல்லாயி தம்பி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நின்றாள். இரண்டு லயத்து ஆண்களும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குழந்தை பால் குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அய்யாக்கண்ணு மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"இன்னும் முடியலையா அக்கா?"

"குடிக்கட்டும்டா" என்றாள் செல்லாயி. "இப்ப யாருக்கு என்ன அவசரம்?"